பியூஸ் மாற்றினால் பாட்டு இனிக்குமா? வெள்ளித் தாளிலிருந்து வெள்ளிப் பியூஸ் வரை

வெளிநாட்டிலிருந்து நல்ல செட் கொண்டு வந்த சிலர் எங்களிடம் கேட்கிறார்கள்: "சேர், விலை கூடின பியூஸ் போட்டா சத்தம் இன்னும் கிளியரா வருமாமே, உண்மையா?" வெளிநாட்டில் விற்கும் அந்தப் பியூஸ் ஒன்றின் விலை நூறு டொலருக்கு மேலும் போகிறது. உள்ளே வெள்ளிக் கம்பி, முனைகளில் தங்கப் பூச்சு, எந்தப் பக்கமாகப் போட வேண்டும் என்று ஓர் அம்புக்குறி. பதிலைச் சொல்ல முன்னர் பியூஸின் வரலாற்றைப் பார்ப்போம்.

1847இல் பிரான்சைச் சேர்ந்த பிரெகே என்பவர், தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க, வழியில் ஒரு மெல்லிய கம்பியைச் சேர்க்கும்படி சொன்னார். 1890இல் எடிசன் தனது மின் விநியோகத்துக்காகப் பியூஸுக்குக் காப்புரிமை எடுத்தார். இருவரின் எண்ணமும் ஒன்றுதான்: ஆபத்து வந்தால் முதலில் சாக வேண்டியது அந்தச் சின்னக் கம்பி. எங்கள் பாடப்புத்தகம் அதற்கு 'உருகி' என்று பெயர் வைத்திருக்கிறது. அதன் வேலை உருகுவது, அவ்வளவுதான்.

அது பிளக்குக்குள் வந்த கதை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் செம்புத் தட்டுப்பாடு. வயரை மிச்சம் பிடிக்க, ஒரே வயரை வீட்டைச் சுற்றி வளையமாக இழுத்து, அதில் எல்லா பிளக் பேஸ்களையும் கொழுவினார்கள். அந்த வளையத்துக்கான பாதுகாப்பு 30 அம்பியர். ஒரு மேசை விளக்கின் மெல்லிய வயர் எரிய அதுவே போதும். ஆகவே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனிப் பியூஸ் தேவைப்பட்டது. 1947இல் வந்த அந்தத் தரம்தான் இன்று எங்கள் வீடுகளிலுள்ள 13 அம்பியர் சதுர முள் பிளக். செம்பை மிச்சம் பிடிக்கப் பிறந்த ஏற்பாடு அது. பாட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி எங்கள் கரையோரத்துக்கு வருவோம். கொழும்பில் வானொலி 1925இல் தொடங்கியது. லக்ஸபான மின்சாரம் 1950இல் வந்தது. எங்கள் மாவட்டத்தின் இங்கினியாகலையிலேயே நீர்மின் நிலையம் இருந்தும், கல்முனை முதல் பொத்துவில் வரை எல்லா வீட்டுக்கும் கரண்ட் வந்து சேர நெடுங்காலம் எடுத்தது. அதுவரை இலங்கை வானொலியைக் கேட்டவர்கள் பற்றரியில்தான் கேட்டார்கள். பற்றரி இறங்கினால் சத்தம் கரகரக்கும், ஏரியலைத் திருப்பினால் தெளியும். பியூஸைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பிறகு சவூதிக் காலம். எங்கள் வாப்பாமாரும் மாமாமாரும் கெசட் செட்டோடு வந்து இறங்கினார்கள். அன்று சவூதியில் பல இடங்களில் வீட்டுக் கரண்ட் 127 வோல்ட். எங்களுக்கு 230. செட்டின் பின்னால் 110, 220 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை மாற்றாமல் கொழுவினால் 'டப்' என்று பியூஸ் போய்விடும். எங்கள் பழைய வட்ட முள் பிளக்கில் பியூஸ் கிடையாது. செட்டுக்குள் இருந்த கண்ணாடிப் பியூஸ்தான் தன்னைக் கொடுத்து செட்டைக் காப்பாற்றியது. ஆனால் அதன் அருமை தெரியாமல், சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போட்டவர்களும் உண்டு. அடுத்த முறை எரிந்தது டிரான்ஸ்போமர்.

இப்போது கேள்விக்கு வருவோம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 20 மீற்றர் போய், 20 மீற்றர் திரும்பி வந்தால், அதன் தடை ஏறத்தாழ 0.28 ஓம். 13 அம்பியர் பியூஸின் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்கு. தெருவிலுள்ள டிரான்ஸ்போமரிலிருந்து சுவர் வரை சாதாரண வயரில் வந்த கரண்ட், கடைசி ஓரங்குலத்தில் வெள்ளியைத் தொட்டதும் இனிமையாகிவிடுமா? அம்புக்குறி இன்னும் வேடிக்கை. எங்கள் கரண்ட் ஆடலோட்டம். ஒரு செக்கனில் 50 தடவை போய், 50 தடவை திரும்பி வருகிறது. அது எந்த அம்புக்குறியைப் பார்த்து நடக்கும்?

"மாற்றிய பிறகு வித்தியாசம் தெரிந்தது" என்பவர்களைப் பொய்யர் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பழைய பியூஸின் முனையில் களிம்பு ஏறியிருந்தால், பிடிப்பு தளர்ந்திருந்தால், புதியது போட்டதும் கோளாறு தீரலாம். அதைச் சரியான அளவுள்ள சாதாரணப் பியூஸும் செய்யும். மற்றது, காசு கொடுத்த காது நல்லதைத்தான் தேடும். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, நீங்கள் பார்க்காமல் இன்னொருவர் காசு சுண்டிப் பார்த்து இரண்டில் ஒரு பியூஸைப் போடட்டும். பத்துத் தடவையும் எது என்று சரியாகச் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தில் அது நடக்க 1024இல் ஒரு வாய்ப்புத்தான்.

பள்ளிவாசல் அம்ப்ளிபயரில், கல்யாண வீட்டு செட்டில் 'ங்ங்' என்ற இரைச்சல் வந்தால், எர்த், தளர்ந்த இணைப்பு, பழுதான கொன்டென்சர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். செலவழிக்கக் காசிருந்தால் நல்ல ஸ்பீக்கருக்கும் வீட்டு வயரிங்குக்கும் செலவழியுங்கள். பியூஸ் போனால் செட்டின் பின்னால் எழுதியிருக்கும் அதே அம்பியரில், அதே வகையில், தரமானதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். கூடிய அம்பியரோ, கம்பியோ, வெள்ளித் தாளோ வேண்டாம். புதிதாகப் போட்டதும் திரும்பவும் போனால் செட்டில்தான் பிழை. திருத்துபவரிடம் கொடுங்கள். இரவில் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் தீப்பிடிக்காமல் நிற்பது அந்தச் சின்னக் கம்பியால்தான்.