ஒரு பாட்டும் அதன் பாடபேதங்களும்

பழைய ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த பெரியோர்கள் நமக்குப் பழக்கிவிட்டுச் சென்ற சொற்களுள் 'பாடபேதம்' என்பதும் ஒன்று. ஒரே செய்யுள் ஓர் ஏட்டில் ஒருவாறும் மற்றோர் ஏட்டில் வேறொருவாறும் காணப்படுமாயின், அவற்றுள் ஆசிரியர் வாக்கு எது, இடையில் வந்தவரின் கைச்சரக்கு எது என ஆராய்ந்து துணிவது பதிப்பாசிரியரின் கடன். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழி இந்தத் தொல்லையை நன்கு அறிந்தவர்களின் வாயிலிருந்து பிறந்ததாகும். ஒலிப்பதிவு யந்திரம் தோன்றிய பின்னர் இத்தொல்லை ஒழிந்துவிட்டதென ஒருவர் எண்ணக்கூடும். பாடியவரின் குரலே நாடாவில் பதிந்திருக்கும்போது பேதத்துக்கு இடமேது? இடம் உண்டு, நேயர்களே. மேனாட்டு றொக் இசையுலகில் பெரும் புகழ் எய்திய ஓர் அமைதியான பாடலை இன்று எடுத்துக்கொள்கிறேன். அதன் பாடபேதம் இலண்டன் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

'பீற்றில்ஸ்' குழுவினரின் 'த லோங் அன்ட் வைன்டிங் றோட்' என்பது அப்பாடலின் பெயர். நெடிதாய் வளைந்து செல்லும் பாதை என்பது பொருள். இயற்றியவர் போல் மக்கார்ட்னி. ஸ்கொட்லாந்தில் அவருக்கிருந்த பண்ணையைச் சூழ்ந்த மலைப்புறத்தில், 1968 ஆம் ஆண்டில், கறுப்பின இசைமேதை றே சாள்ஸின் பாணியை உளத்திற்கொண்டு இதனை அவர் அமைத்தார். அந்த றே சாள்ஸே 1971 இல் இதனைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார் என்பது இயற்றியவருக்குக் கிடைத்த தனிப்பெருமை.

பாட்டு நாடாவில் ஏறியது 1969 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள். இடம், இலண்டன் சவில் றோ வீதியில் அவர்களது நிறுவனக் கட்டடத்தின் கீழறை. மக்கார்ட்னி பியானோ வாசித்துப் பாடினார். ஜோர்ஜ் ஹரிசன் கிற்றாரும், றிங்கோ ஸ்டார் மத்தளமும், விருந்தினராக வந்திருந்த பில்லி பிரெஸ்டன் மின்பியானோவும் வாசித்தனர். வழமையாக 'பாஸ்' எனப்படும் தாழ்சுருதிக் கிற்றாரை வாசிப்பவர் மக்கார்ட்னியே. அவர் பியானோவில் அமர்ந்தமையால் அக்கருவி ஜோன் லெனனின் கைக்குச் சென்றது. லெனனுக்கு அதிற் போதிய பழக்கமில்லை. சில இடங்களிற் சுரம் பிசகுவதைக் கூர்ந்து கேட்போர் இன்றும் உணரலாம். இந்தச் சிறு குறையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஒட்டுவேலை எதுவுமின்றி, நால்வரும் கூடி வாசித்தது வாசித்தபடியே வெளிவரல் வேண்டும் என்பதே அவ்வாண்டுத் தொடக்கத்தில் அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை. ஐந்து நாட்களின் பின்னர், ஜனவரி 31 ஆம் நாள், திரைப்படக் கருவிகளின் முன்னிலையில் அதே பாட்டை மீண்டும் வாசித்தனர். ஆகவே மூலப்பிரதி ஒன்றன்று, இரண்டு. இவ்விரண்டுக்குமிடையே ஓரடியிற் சொற்பேதமும் உண்டு. இயற்றியவரே பாடும்போது நேர்ந்த பேதமாதலின், இதற்கு ஏடு எழுதினவனைக் குறைகூற இயலாது.

நாடாக்கள் ஓராண்டுக்கு மேலாகக் கிடப்பிற் கிடந்தன. கிளின் ஜோன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் அவற்றைத் தொகுத்து 1969 இலும் 1970 தொடக்கத்திலும் இருமுறை தட்டு வடிவங் கொடுத்தும் அவை ஏற்கப்படவில்லை. குழுவினரிடையே ஒற்றுமை குலைந்திருந்த காலம் அது. 1970 மார்ச்சில் அந்நாடாக்கள் பில் ஸ்பெக்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. பல கருவிகளை ஒருங்கே முழங்கவைத்து 'ஒலிச்சுவர்' எழுப்புவதிற் பேர்போனவர் அவர். ஏப்ரல் 1 ஆம் நாள் ஈ.எம்.ஐ. கலையகத்தில் 18 வயலின், 4 வியோலா, 4 செல்லோ, 3 ட்ரம்பெட், 3 ட்ரொம்போன், 2 கிற்றார், ஹார்ப் என்னும் மேனாட்டு யாழ் ஒன்று, இவற்றோடு 14 பெண்குரல்கள் ஆகியவற்றைத் திரட்டி, ஜனவரி 26 ஆம் நாட் பதிவின்மேல் ஏற்றினார். வாத்திய அமைப்பை எழுதியவர் றிச்சர்ட் ஹியூசன். குழுவினருள் அன்று அங்கிருந்தவர் றிங்கோ ஸ்டார் ஒருவரே. பாட்டை இயற்றியவருக்கு இது தெரியாது.

தெரிந்தபோது அவர் கொதித்தெழுந்தார். ஏப்ரல் 14 ஆம் நாள், குழுவின் நிர்வாகியான அலன் கிளைனுக்கு அவர் ஒரு கடிதம் வரைந்தார். சினத்தைக் கொட்டும் கடிதமன்று அது. ஒழுங்கான திருத்தப் பட்டியல். வயலின், ஊதுகருவி, பெண்குரல் ஆகியவற்றின் ஒலியைக் குறைக்க வேண்டும். தம் குரலையும் குழுவின் கருவிகளையும் உயர்த்த வேண்டும். இறுதியில் ஒலிக்கும் யாழை அறவே நீக்கிப் பழைய பியானோச் சுரங்களை அவ்விடத்தில் வைக்க வேண்டும். இனி ஒருபோதும் இவ்வாறு செய்யலாகாது. வயலினை முற்றாக நீக்கும்படி அவர் கேட்கவில்லை, குறைக்கும்படியே கேட்டார் என்பது கருதத்தக்கது. கடிதத்தாற் பயன் விளையவில்லை. 'லெட் இற் பி' என்னும் இசைத்தட்டு மே 8 ஆம் நாள் அவ்வண்ணமே வெளிவந்தது. அமெரிக்காவில் தனித்தட்டாகவும் வெளியாகி, ஜூன் மாதத்தில் அந்நாட்டு விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அக்குழு அங்கு பெற்ற 20 ஆவது முதலிடமும் இறுதியானதும் அதுவே.

1970 டிசம்பர் 31 ஆம் நாள், கூட்டாண்மையைக் கலைக்குமாறு மக்கார்ட்னி வழக்குத் தொடுத்தார். பணமும் நிர்வாகமும் பற்றிய முறைப்பாடுகளே அதிற் பெரும்பங்கு. எனினும், தமது அனுமதியின்றி இப்பாட்டு மாற்றப்பட்டமையும் காரணங்களுள் ஒன்றாக மன்றின்முன் வைக்கப்பட்டது. 1971 மார்ச்சில் நீதிபதி அவருக்குச் சாதகமாகப் பரிபாலகர் ஒருவரை நியமித்தார். ஆனால் தட்டில் ஏறிய வயலினை இறக்கும் ஆணை எந்த மன்றத்திடமும் இல்லை.

இவ்விடத்தில் தொழில்நுட்பச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல முடியாது. எட்டுத் தடங்கள் கொண்ட அகன்ற நாடாவில் குரலும் கருவிகளும் வெவ்வேறு தடங்களிற் பதிகின்றன. அவற்றை அளவறிந்து சேர்த்து, இடம் வலம் என்னும் இரு தடங்களாக ஒடுக்குவது 'மிக்சிங்' என்னும் கலவை. இது பதிப்பாசிரியரின் வேலைக்கு நிகரானது. அவ்வாறு முடிந்த கலவையைத் தட்டுக்கு ஏற்பச் செப்பஞ்செய்வது 'மாஸ்டரிங்'. இது அச்சுக்கூடத்தின் வேலை. தாள் வெளுக்கும், எழுத்துத் துலங்கும்; பாடம் மாறாது. 1987 இல் குறுந்தட்டு வந்ததும், 2009 செப்டெம்பரிற் செப்பஞ்செய்த குறுந்தட்டு வந்ததும் இந்த இரண்டாம் வகை. பின்னையதில் இரைச்சல் களையப்பட்டுத் தெளிவு கூடியிருக்கிறது. ஆனால் வயலினின் ஓங்கலும் அதே தெளிவைப் பெற்றுவிட்டது! மக்கார்ட்னியின் மனக்குறைக்கு மாஸ்டரிங்கில் மருந்து கிடையாது. விளம்பரங்களிற் 'புதிய வடிவம்' என்ற சொல்லைக் காணும் அன்பர்கள், மாறியது பாடமா, தாளா என்று கேட்டுக்கொள்வது நன்று.

பாடமே மாறிய வெளியீடுகள் வேறு. 1996 ஒக்டோபரில் வந்த 'அந்தோலொஜி' மூன்றாந் தொகுதியில், ஜனவரி 26 ஆம் நாட் பதிவு மேலேற்றம் எதுவுமின்றி வெளியிடப்பட்டது. ஸ்பெக்டர் கையிற் கிடைத்தது எதுவோ அதுவே இது. 2003 நவம்பரில் 'லெட் இற் பி... நேக்கட்' என்ற தட்டு வந்தது. ஆடையணிகளைக் களைந்த வடிவம் என்பது பெயரின் குறிப்பு. பழைய பாட்டிலிருந்து வயலினைக் கழற்றியெடுத்த வடிவமென்றே பலரும் இதனைக் கருதுகின்றனர். அது பொருந்தாது. அதில் உள்ளது ஜனவரி 31 ஆம் நாட் பதிவு, அதாவது மற்றைய ஏடு. சொற்பேதம் கொண்ட அடியைக் கேட்டாலே வேறுபாடு விளங்கிவிடும். 1970 மே மாதத்திலேயே திரைப்படம் பார்த்தவர்கள் இப்பதிவைக் கேட்டிருந்தனர். எனவே உலகம் 33 ஆண்டுகள் காத்திருந்து பெற்றதாகச் சொல்லப்பட்ட எளிய வடிவம், ஸ்பெக்டரின் தட்டு வெளியான அதே மாதத்தில் படமாளிகைகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. இதிலுள்ள நகைச்சுவையை வரலாற்று மாணவன் சுவையாமல் இருக்க முடியாது.

2021 ஒக்டோபரில் ஜைல்ஸ் மார்ட்டின் எட்டுத்தட நாடாவுக்கே சென்று புதிய கலவை செய்தார். பாட்டு உலகுக்கு அறிமுகமான கோலத்தை மதித்து, ஸ்பெக்டரின் வாத்தியங்களை அவர் கைவிடவில்லை. கிளின் ஜோன்ஸின் 1969 ஆம் ஆண்டுத் தொகுப்பும் அதே வெளியீட்டின் பெரும்பதிப்பில் இடம்பெற்றது.

இனி ஸ்பெக்டரின் பக்கத்தையும் பார்த்தல் முறை. லெனனின் பிசகிய சுரங்களை மறைக்க ஏதேனும் ஒரு போர்வை தேவைப்பட்டது என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. பிழைபட்ட இடத்தைத் திருத்த ஒருவரை அழைத்து ஒரு நாழிகையில் வாசிக்கச் செய்திருக்கலாம். மக்கார்ட்னியே அதைச் செய்திருப்பார். அதற்கு அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேளாமை என்பதே இங்கு முதற் குற்றம், வயலின் இரண்டாவது. மக்கார்ட்னியின் பிற்கால நடத்தை இந்த வழக்கை மேலும் சிக்கலாக்குகிறது. 1984 இல் அவரே மீண்டும் பதிவுசெய்தபோது சக்சபோனைச் சேர்த்தார். 1989, 1990 ஆம் ஆண்டுகளின் உலகச் சுற்றுலாவில் மின்விசைக் கருவியொன்று வயலின் ஒலியை எழுப்பப் பாடினார். இதனை ஸ்பெக்டர் பிற்காலத்தில் எள்ளலுடன் சுட்டிக்காட்டியதுண்டு. தம் வீட்டுக்கு வேறொருவர் கேளாமற் பூசிய நிறத்தை, வீட்டுக்காரர் தாமே ஒருநாள் விரும்பிப் பூசக்கூடும்; இரண்டும் ஒன்றல்ல என்பது என் துணிபு.

ஒப்பிட்டுக் கேட்க விரும்புவோர் 1996 ஆம் ஆண்டு வடிவத்தை முதலிலும் 1970 ஆம் ஆண்டுத் தட்டை அதன்பின்னரும் கேட்பார்களாக. இரண்டிலும் குரல் அதே நாளைய குரல், பியானோ அதே பியானோ. 2003 ஆம் ஆண்டு வடிவத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். முடிவை நெருங்கும்போது செவியைச் சற்றுத் தீட்டிக்கொள்ளுங்கள். 1970 ஆம் ஆண்டுத் தட்டில் யாழ் நரம்புகள் மேலெழும் அந்த ஒரு கணத்தில், முன்னையதில் பியானோச் சுரங்கள் சில தனியே ஒலிக்கும். கடிதத்தின் மூன்றாம் இலக்கத்தில் அவர் திருப்பிக் கேட்டவை அவையே.