சோழி எண்ணிய கிரகணம்

என் பெரியப்பாவுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான் எல்லாம். நானோ ஒரு பஞ்சாலையின் பவர் ஹவுசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சந்திர கிரகணத்தன்று பஞ்சாங்கம் சொன்ன நேரமும் வானமும் ஒத்துப்போகவில்லை. "உங்க பஞ்சாங்கத்தை அடுப்புல போடுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. கிரகணம் விட்டதும் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கணக்கு என்னவென்று படித்துப் பார்த்தேன். அதற்கு நல்ல சாட்சி நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது.

நம் ஊரில் வானியல் என்றால் எல்லாரும் லெ ஜாந்தியின் கதையைச் சொல்வார்கள். 1761ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புறப்பட்டு வந்தவர். அதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1769ல் இங்கேயே காத்திருந்தார். அன்று மேகம் மூடிவிட்டது. ஆனால் அவர் இங்கே தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்தவர். 1825ல் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். 1830ல் புதுச்சேரியில் காலமானார். நம் ஊரில் பஞ்சாங்கம் கணித்து வந்த ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் சாமிநாத சேஷய்யா என்று வருகிறது. 1825 மே 31 இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை அடுக்கினார். அட்டவணை எல்லாம் மனப்பாடம். கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின.

அந்தக் கணக்கின் சூட்சுமம் இதுதான். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது வேகம், விலகும்போது மந்தம். இந்த ஏற்ற இறக்கம் ஒருமுறை முடிய சுமார் 27½ நாள். 9 சுற்றுக்கு ஏறக்குறைய 248 நாள். கலியுகத் தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் என்று எண்ணி, பெரிய எண்களில் தொடங்கி 12372, 3031, 248 என்று தள்ளிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் நிற்கும் மீதிதான் முக்கியம். ஒவ்வொரு மீதிக்கும் ஒரு வாக்கியம்; அது சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லும். எண்களுக்கும் பெயர் உண்டு. 'தேவரம்' என்றால் தே 8, வ 4, ர 2; திருப்பிப் படித்தால் 248.

படித்தபோது எனக்குப் பவர் ஹவுஸ்தான் நினைவுக்கு வந்தது. ஜெனரேட்டரை லைனோடு சேர்க்க ஃப்ரீக்வென்சி மட்டும் ஒத்தால் போதாது, பேஸும் ஒக்க வேண்டும். ஃப்ரீக்வென்சி துளி மாறினாலும் பேஸ் நகர்ந்துகொண்டே போகும். 248 நாளில் 13 நிமிடப் பிசகு இருக்கிறது. அது சேர்ந்துகொண்டே போகாமல் இருக்கத்தான் 3031. அதில் 110 சுற்று, பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சோழி எண்ணியவர்களின் முன்னோர் இதை அறிந்தே எண்களை அமைத்திருக்கிறார்கள். சந்திரனின் வேறு சில ஆட்டங்கள் வாக்கியத்தில் இல்லை; பல நூற்றாண்டாக வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தவும் இல்லை. குறை அங்கேதான்.

இன்றைய அணுக் கடிகாரமும் சுற்றைத்தான் எண்ணுகிறது. 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம் அணுவின் கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிரும் நேரம். அதனோடு ஒப்பிட்டால் பூமியின் சுழற்சியே பிசகுகிறது. அதனால் 1972 முதல் 27 முறை ஒரு நொடியைச் சேர்த்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். பாபிலோனிலும் சீனாவிலும் எழுதிவைத்த பழைய கிரகணக் குறிப்புகளைக் கொண்டுதான் பூமி நெடுங்காலமாக மந்தமாகி வருவதைக் கணக்கிட்டார்கள்.

சேஷய்யாவுக்குச் சித்தாந்தம் ஒன்றும் தெரியாது, நினைவாற்றல்தான் இருந்தது என்று வாரன் எழுதினார். இருக்கட்டும். எனக்கும்தான் அன்று சித்தாந்தம் தெரியாது. மீட்டரைப் பார்த்து ஸ்விட்சைப் போடத்தான் தெரியும்.

போன வாரம் பேத்தியின் பல்லாங்குழிச் சோழிகளை எடுத்து, 500 நாளிலிருந்து 248ஐ இரண்டு முறை தள்ளிப் பார்த்தேன். மீதி 4. பெரியப்பா இருந்திருந்தால் நாலாவது வாக்கியத்தைக் கேட்டிருப்பேன். அந்த இரவுக்காக மன்னிப்பும் கேட்டிருப்பேன்.