இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் விருப்பு வாக்கு

இலங்கையின் ஜனாதிபதி செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றாக வேண்டும். எவருக்கும் அது கிட்டாவிட்டால் முதல் இருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் எஞ்சிய இருவருக்கு இடப்பட்ட இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் எண்ணிச் சேர்க்கப்படும். பிரான்சில் போல மக்கள் இன்னொரு நாள் வாக்களிக்க வேண்டியதில்லை.

1978 அரசியலமைப்பில் வந்த இந்த ஏற்பாடு வாக்காளருக்குப் பெரும் சுதந்திரம். மனதுக்குப் பிடித்தவர் தோற்பார் என்று தெரிந்தாலும் அவருக்கே 1 இடலாம். வெல்லக்கூடிய இருவரில் ஏற்கத்தக்கவருக்கு 2 இட்டால் வாக்கு வீண்போகாது. வெறும் புள்ளடியும் முதல் விருப்பாகவே கொள்ளப்படும் என்பதால் வாக்காளர் பலர் அதோடு நிறுத்திக்கொண்டனர்.

1982இல் நடந்த முதல் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் முன்னின்றார். நாடளவில் 52.91 சதவீதம் பெற்ற ஜே. ஆர். ஜெயவர்த்தன வென்றதால் இரண்டாம் விருப்பங்களைத் தொட வேண்டியிருக்கவில்லை. 2019 வரை இதே கதைதான். 1988இல் பிரேமதாச 50.43, 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதத்தோடு மயிரிழையில் பாதியைக் கடந்தனர்.

2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தோர் சுமார் 1.2 சதவீதமே. அந்த வாக்குகளை நம்பியிருந்த, மகிந்தவின் போட்டியாளர் ரணில் விக்கிரமசிங்க நாடளவில் தோற்றது ஏறத்தாழ 1.8 இலட்சம் வாக்குகளால். வாக்களிக்காதிருப்பதும் முடிவை மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் இல்லை.

அதன்பின் எதிரணியினர் விருப்பு வாக்கை நம்பித் தனித்தனியே நிற்காமல், முன்கூட்டியே பொதுவேட்பாளரின் பின்னால் திரண்டனர். 2010இல் சரத் பொன்சேகாவும் 2015இல் மைத்திரிபால சிறிசேனவும் அதே அன்னச் சின்னத்தில் நின்றனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இருவரையும் ஆதரித்தது, வென்றவர் மைத்திரிபால. வாக்குச்சீட்டிலேயே செய்திருக்கக்கூடிய பேரத்தைக் கட்சித் தலைவர்கள் மேசையில் முடித்துவிட்டனர்.

2024 செப்டெம்பர் 21 மும்முனைப் போட்டி அந்தப் பழக்கத்தைக் குலைத்தது. அநுர குமார திசாநாயக்க 42.31, சஜித் பிரேமதாச 32.76, ரணில் 17.27 சதவீதம். சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரன் 2.26 இலட்சம் வாக்குகளைப் பெற்றார். வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. நீக்கப்பட்டோரின் 33 இலட்சம் சீட்டுகளில் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தவை 2.73 இலட்சமே: சஜித்துக்கு 1,67,867, அநுரவுக்கு 1,05,264. எஞ்சிய முப்பது இலட்சம் பேர் இறுதி இருவரில் எவரையும் தெரிவுசெய்யவில்லை. அநுர 12 இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.