துளையுள்ள ரேடியேட்டர்

டிரையம்ஃப் டி.ஆர்.2 காரின் ரேடியேட்டரைக் கழற்றி மேசைமேல் கிடத்தினால், முதல்முறை பார்ப்பவருக்குச் சுருக்கென்றிருக்கும். நெருக்கமாக அடுக்கிய மெல்லிய செம்புத் தகடுகளின் கீழ்ப்பகுதியில் வட்டமாக ஒரு துளை. கல்லடி பட்டதோ, கம்பி குத்தியதோ என்று தோன்றும். ஆனால் அது தொழிற்சாலையே வைத்த வழி. பனிக்காலத்துக் காலையில் பேட்டரி கைவிட்டுவிட்டால், இரும்பு ஹாண்டிலை காரின் முகப்பில் செருகி, அந்தத் துளை வழியாக எஞ்சின்வரை கொண்டுபோய், கையால் சுற்றி ஸ்டார்ட் செய்வார்கள். 1953இல் பெல்ஜியத்தின் யாபெக்கே நெடுஞ்சாலையில் மணிக்கு ஏறத்தாழ 125 மைல் வேகத்தைத் தொட்ட கார் இது. அந்த வேகமும் இந்தக் கைச்சுழற்றலும் ஒரே காருக்குள் குடியிருந்தன.

இன்று கிடைக்கும் அலுமினிய மாற்று ரேடியேட்டர்கள் பலவற்றில் அந்தத் துளை இல்லை. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டர் ஒழுகும்போது பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று மனம் குழம்புவதற்கு இதுபோன்ற சிறு விஷயங்களே காரணம். புதிதாக வருவது குளிர்விக்கும். ஆனால் பழையது குளிர்விப்பதோடு நின்ற பொருள் அல்ல.

ரேடியேட்டர் காரின் முகமாகவே பிறந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் 1900ஆம் ஆண்டு வாக்கில் மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்காக வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு சதுரக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலம். காற்று குழாய்க்குள் புகுந்து போக, தண்ணீர் குழாய்களின் இடுக்கில் ஓடியது. காற்று நேராகப் படவேண்டும் என்பதால் அதை முன்னால் நிறுத்தினார்கள். முன்னால் நின்றதால் அதையே பார்த்துக் காரை அடையாளம் கண்டார்கள்.

இங்கிலாந்தில் 1913இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு 'காளைமூக்கு' என்ற பெயர் நிலைத்ததே அதன் வளைந்த பித்தளை ரேடியேட்டரால்தான். வில்லியம் மோரிஸ் பாகங்களைப் பிறரிடம் வாங்கிக் கோர்த்தவர். ரேடியேட்டர் கோவென்ட்ரியிலிருந்து வந்தது. முதல் உலகப் போர் முடிந்து தேவை பெருகியபோது, 1919இல், அந்தத் தொழில் தெரிந்த இருவருக்குப் பணம் கொடுத்து ஆக்ஸ்ஃபோர்டிலேயே தொடங்கச் செய்தார். ஆஸ்பர்ட்டன் சாலையில் பயன்படாமல் கிடந்த ஒரு ரோலர் ஸ்கேட்டிங் அரங்கில் பட்டறை அமைந்தது. சக்கரக்கால்கள் வட்டமடித்த தளத்தில் பித்தளைத் தகடு வளைக்கும் சத்தம். 1923இல் மோரிஸ் அதை முழுதாக வாங்கிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் அதே நிறுவனம் போர் விமானங்களுக்கும் ரேடியேட்டர் செய்தது.

மோரிஸின் விற்பனைக்கூடத்திலிருந்து கிளைத்ததுதான் எம்.ஜி. தொடக்க கால எம்.ஜி. கார்கள் காளைமூக்கோடுதான் ஓடின. 1928இல் வந்த 18/80 மாடலில்தான் எம்.ஜி.க்கென்று சொந்த முகம் கிடைத்தது: நிமிர்ந்த குரோமியச் சட்டம், உச்சியில் எண்கோண முத்திரை. 1945 முதல் 1949 வரை வந்த டி.சி. காரில் அந்தச் சட்டத்தின் தலையிலிருக்கும் மூடியைத் திருகினால் கீழே தண்ணீர் தெரியும். முகமும் உறுப்பும் ஒன்றாக இருந்த காலம் அது.

1953இல் டி.எஃப். வந்தபோது அந்த மூடி வெறும் அலங்காரமாகிவிட்டது. உண்மையான மூடி பானெட்டுக்குள் போய்விட்டது. காரணம் நியாயமானது. தண்ணீரை அழுத்தத்தில் அடைத்தால் அதன் கொதிநிலை உயரும். ஒரு சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் 107 டிகிரி செல்சியஸ், 10 பவுண்டில் 115 டிகிரி. அதற்கு ஸ்பிரிங் வைத்த இறுக்கமான மூடி வேண்டும். இரண்டு ஆண்டுகளில் எம்.ஜி.ஏ. வந்தது, ரேடியேட்டரே கிரில்லுக்குப் பின்னால் மறைந்தது. பொறியியல் கணக்கு சரிதான் என்றாலும், திறக்க முடியாத அந்த டி.எஃப். மூடியைத் தொட்டுப் பார்க்கும்போது ஒரு பிரிவு நடந்த இடத்தில் கை வைத்த உணர்வு வருகிறது.

இனி நோய்க்கு வருவோம். தெற்கு இங்கிலாந்தின் பெரும்பகுதியில் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. ஆண்டுக்கணக்கில் அந்தக் குழாய்த் தண்ணீரையே ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளைப் படிவு ஏறி அடைத்துவிடும். குளிர் இன்னொரு எதிரி. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும்; பித்தளை கிழியும். உறையெதிர்ப்புத் திரவம் பரவுவதற்கு முன் இரவுதோறும் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் உண்டு. மூன்றாவது, ஆட்டம். ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸ் வளைவுகளில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல் ஈயப்பற்றில் மயிரிழை விரிசலாக வந்து சேரும்.

பட்டறையில் வேலை காஸ்டிக் சோடாத் தொட்டியில் தொடங்கும். பிசுக்கும் பெயின்ட்டும் உரிந்தபின், ஹோஸ் மாட்டும் வாய்களை அடைத்து, காற்றேற்றி, தண்ணீருக்குள் அமுக்குவார்கள். குமிழி நூல்போல ஒரே இடத்திலிருந்து எழுந்தால் ஊசித் துளை. ஓரம் நெடுகப் பொரிந்தால் பற்று விட்டிருக்கிறது. ஊசித் துளைக்கு ஒரு சொட்டு ஈயம் போதும். குழாய் அடைத்திருந்தால்தான் பெரிய வேலை. மேல் டேங்கின் விளிம்பைச் சுற்றி நெருப்பைக் காட்டி, பற்று இளகிப் பளபளக்கும் நொடியில் டேங்கைத் தூக்கிவிட வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் பக்கத்துப் பற்றும் விட்டுவிடும். பிறகு மெல்லிய எஃகுப் பட்டையைக் குழாய் குழாயாக விட்டுப் படிவைத் தள்ளுவார்கள்.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியில் இளகத் தொடங்கும். பித்தளை உருக 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஒரு தொழிலே வாழ்ந்தது. மூடியதைத் திறக்கலாம், திறந்ததை மூடலாம். எத்தனை முறை வேண்டுமானாலும்.

இந்தக் கதைக்குச் சென்னையோடும் ஓர் உறவு உண்டு. டி.ஆர்.2-இன் எஞ்சின், ஸ்டாண்டர்ட் வான்கார்ட் என்ற குடும்பக் காரின் 2,088 சி.சி. எஞ்சினை 1,991 சி.சி.யாகக் குறைத்துச் செய்தது. அந்த வான்கார்டை 1950களில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் சென்னையில் கோர்த்து விற்றது. நம் ஊர்ச் சாலைகளில் நிதானமாக ஓடிய எஞ்சினின் உடன்பிறப்புதான் யாபெக்கேயில் பறந்தது.

1970களில் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் அலுமினியத்துக்கு மாறத் தொடங்கின. வெப்பம் கடத்துவதில் அலுமினியம் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். ஆனால் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அகலமான குழாயாகவும் செய்யலாம். அதனால் குளிர்விப்பதில் அது தோற்கவில்லை. பிளாஸ்டிக் டேங்கை அதோடு நெளித்துப் பூட்டியபோதுதான் பழுதுக்கான கதவு மூடியது. அந்த டேங்க் விரிசல் விட்டால் பற்று வைக்க இடமே இல்லை.

பந்தயத்துக்குப் போகிறவர் அலுமினியம் போடட்டும். குறை சொல்ல முடியாது. மற்றவர்களுக்கு 'ரீகோர்' என்ற வழி இருக்கிறது. பழைய பித்தளை டேங்குகளையும் பக்கச் சட்டங்களையும் வைத்துக்கொண்டு, நடுவிலிருக்கும் குழாய்க் கூட்டை மட்டும் புதிதாக்குவது. இங்கிலாந்தில் இன்றும் இதைச் செய்யும் பட்டறைகள் உண்டு. செலவு பல நேரங்களில் புது அலுமினிய ரேடியேட்டரைத் தாண்டும். டி.ஆர்.2 என்றால் கூடுதல் வேலை. துளை வரும் இடத்தில் தண்ணீர்க் குழாய்களை விலக்கியோ விட்டுவிட்டோ வழி அமைக்க வேண்டும்.

புதுக் கோர் ஏறிய ரேடியேட்டர் மீண்டும் தொட்டிக்குள் இறங்கும். குமிழி எழாவிட்டால் மெல்லிய கறுப்புப் பூச்சு. காரில் பொருத்தி, போல்ட்டை இறுக்குவதற்கு முன், பழைய இரும்பு ஹாண்டிலை முகப்பில் செருகிப் பார்ப்பார்கள். அது தகடுகளில் உரசாமல் துளையைக் கடந்து, எஞ்சினின் பல்லில் 'டக்'கென்று உட்கார வேண்டும்.