ஓசியில் கிடைத்த சூடு: பிக்கப் வண்டி ஹீட்டரின் கதை

வெயில் ஊர்க்காரர்களுக்கு வண்டியில் ஏசி வேலை செய்யாவிட்டால் எரிச்சல் வரும். அமெரிக்காவின் மினசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அங்கே ஜனவரி மாதக் காலையில் வெப்பநிலை உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போவது சகஜம். ஓட்டுபவர் விடும் மூச்சே முன்கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படிந்து சாலையை மறைத்துவிடும். அதனால்தான் முப்பது வருடப் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயிகூட, பெயின்ட் உரிந்தால் கண்டுகொள்ளாமல் விட்டாலும் ஹீட்டர் கெட்டால் உடனே கையில் ஸ்பேனரை எடுக்கிறார்.

இந்த ஹீட்டர் எப்படி வந்தது? பழைய வண்டிகளில் அது ஏன் ஒரே மாதிரி கெடுகிறது? இரண்டுக்கும் பதில் ஒரே வரலாற்றில் இருக்கிறது.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மீதியெல்லாம் சூடாக ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வீணாகப் போகிறது. அதாவது எஞ்சினில் சூடு ஓசியிலேயே கிடைக்கிறது. அதை ஆபத்தில்லாமல் உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம்!

கம்பளியும் கரித்துண்டும்

கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 1893 நவம்பரில் அவர் 'கார் ஹீட்டர்' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது உண்மைதான். ஆனால் அன்றைய அமெரிக்காவில் 'கார்' என்றால் ரயில் பெட்டி. மோட்டார் வண்டிகளை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆரம்பகால மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் திறந்த வண்டிகள். 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். குதிரை வண்டிக் காலத்து வழக்கப்படி கம்பளி போர்த்திக்கொண்டு, காலடியில் சூடாக்கிய கல்லையோ கனன்றுகொண்டிருக்கும் கரி வைத்த சிறு பெட்டியையோ வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். ஃபோர்டு நிறுவனம் 1925இல் 281 டாலருக்கு விற்ற மாடல்-டி பிக்கப் வண்டியும் துணிக்கூரை போட்டதுதான். அதில் ஹீட்டர் வைத்தால் ஊருக்கே சூடு காட்டியது போலத்தான் ஆகும்.

1927க்குள் நிலைமை தலைகீழானது. விற்ற கார்களில் பத்தில் எட்டுக்கு மேல் மூடியவை. கதவும் கண்ணாடியும் வந்தபின் உள்ளே வரும் சூடு உள்ளேயே தங்கும் என்ற நிலை வந்தது.

புகையிலிருந்து எடுத்த சூடு

முதலில் எல்லோருக்கும் தோன்றிய யோசனை புகைக்குழாய்தான். எஞ்சினில் மிகச் சீக்கிரம் சூடாகும் பாகம் அது. அதைச் சுற்றி ஒரு தகர உறை போட்டு, உறைக்குள் சூடாகும் காற்றை ஓட்டை வழியாகக் கால் பக்கம் விட்டார்கள். மாடல்-டி, மாடல்-ஏ வண்டிகளுக்கு இப்படிப்பட்ட ஹீட்டர்கள் கடைகளில் தனியாகக் கிடைத்தன. விலை மலிவு, ஓடும் பாகமும் இல்லை.

ஆனால் குழாயில் ஒரு விரிசல் விழுந்தால், ஒரு கேஸ்கெட் எரிந்தால், சூடான காற்றோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி வரும், பிறகு தூக்கம் வரும், அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகலாம். சூடு தேடி மூடிய கதவே ஆபத்தைக் கூட்டியது.

தண்ணீர் வந்தது

புகையை விட்டுவிட்டு, எஞ்சினைச் சுற்றி ஓடும் சூடான தண்ணீரை உள்ளே கொண்டுவருவது அடுத்த வழி. இரண்டு ரப்பர் ஹோஸ் பைப்புகள், உள்ளே ஒரு குட்டி ரேடியேட்டர், அதன் பின்னால் ஒரு சின்ன மின்விசிறி. அவ்வளவுதான்! அந்தக் குட்டி ரேடியேட்டருக்குத்தான் ஹீட்டர் கோர் என்று பெயர். 1930களில் இந்த முறை பரவியது. ஒழுகினால் பாய் நனையும், ஆள் சாகமாட்டார்.

இந்த முறை பலிக்க வேதியியலும் உதவியது. தண்ணீர் உறைந்தால் எஞ்சினே பிளந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் ரேடியேட்டரில் ஆல்கஹால் கலப்பார்கள். மெத்தில் ஆல்கஹால் 65 டிகிரியில் கொதிப்பது, எத்தில் ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பது. அது ஆவியாகிவிடக் கூடாது என்றால் எஞ்சினை அதிகம் சூடாக விடக் கூடாது. எஞ்சின் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஹீட்டரும் வெதுவெதுப்புதான். 1927இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் விற்பனைக்கு வந்தது. இதன் கொதிநிலை 197 டிகிரி. எஞ்சினைத் தைரியமாகச் சூடாக ஓட்டலாம் என்றானபின் தண்ணீர் ஹீட்டருக்கு உண்மையான பலம் கிடைத்தது.

1938இல் நாஷ் நிறுவனம் இன்னொரு படி முன்னே போனது. உள்ளே இருக்கும் ஈரக்காற்றையே சுற்றவிடாமல், வெளியிலிருந்து புதுக்காற்றை எடுத்து வடிகட்டி, சூடாக்கி அனுப்பியது. கண்ணாடியில் பனி படிவது குறைந்தது. பிக்கப் வண்டிகளில் இந்த எண்ணம் 1947இல் வந்த செவ்ரோலே வண்டிகளோடு பரவியது. 'மூச்சுவிடும் கேபின்' என்றே அவற்றை விளம்பரப்படுத்தினார்கள்.

அப்போதும் ஹீட்டர் என்பது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் பொருள்தான். 1968இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி 103 அமலுக்கு வந்தது. முன்கண்ணாடியின் பனியையும் மூட்டத்தையும் நீக்கும் வசதி கார்களுக்குக் கட்டாயமானது, லாரிகளையும் இந்த விதி உட்படுத்தியது. ஹீட்டர் சொகுசுப் பொருள் என்ற எண்ணம் அதோடு முடிந்தது. பார்வைக்கான கருவி அது!

தொட்டுப் பார்த்தால் தெரியும்

பழைய பிக்கப்பில் ஹீட்டர் கெட்டால் முதல் பரிசோதனைக்குக் கருவி தேவையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடானபின், விசிறியில் மாட்டாமல், ஹீட்டருக்குப் போகும் இரண்டு பைப்புகளையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்த்தால் போதும்.

இரண்டுமே சூடு இல்லையா? கூலன்ட் குறைந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சியா? தண்ணீரை அடைக்கும் வால்வு மூடிக்கிடக்கும், அல்லது துருவும் சேறும் சேர்ந்து கோர் அடைத்திருக்கும். அடைப்பு என்றால் பைப்புகளைக் கழற்றி, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவான வேகத்தில் எதிர்த்திசையில் விட்டால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் கொட்டும் பொடியே இந்த அடைப்புக்குக் காரணமாவதும் உண்டு. இரண்டு பைப்பும் சூடாக இருந்தும் குளிர்காற்றுதான் வருகிறதா? சூடு, குளிர் காற்றைக் கலக்கும் கதவோ அதன் கேபிளோ உடைந்திருக்கும். விசிறி அதிக வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் எரிந்திருக்கும்.

கண்ணாடியில் எண்ணெய்ப் பசையான மூட்டம், இனிப்பான வாசனை, பயணி பக்கம் ஈரமான பாய் என்று மூன்றும் சேர்ந்தால் கோர் ஒழுகுகிறது என்று அர்த்தம். வடிந்த கூலன்டை அப்படியே விடக் கூடாது. இனிப்புச் சுவைக்காக நாய் நக்கினாலும் குழந்தை வாயில் வைத்தாலும் அது விஷம்.

பழைய கோர்கள் செம்பும் பித்தளையும். ரேடியேட்டர் கடையில் ஈயம் பற்றவைத்து மறுபடி மாட்டலாம். பின்னால் வந்த அலுமினியக் கோர்கள் ஒழுகினால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். 1987 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150இல் கிளவ் பாக்ஸைக் கழற்றினாலே கோரைத் தொட்டுவிடலாம். அடுத்து 1997இல் வந்த வடிவத்தில் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். 1994இல் வந்த டாட்ஜ் ராம் வண்டியிலும் இதே கதைதான். பாகத்தின் விலை கொஞ்சம், கூலிதான் பல மடங்கு!

ஆக, சூட்டை ஆபத்தில்லாமல் உள்ளே கொண்டுவர முதல் ஐம்பது வருடம் ஆனது. அடுத்த ஐம்பது வருடத்தில் வசதி கூடக்கூட, ஹீட்டர் உரிமையாளரின் கைக்கு எட்டாமல் உள்ளே உள்ளே போய்விட்டது.

மின்சார வண்டிகளில் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அவற்றில் வீணாகும் சூடு மிகக் குறைவு. கேபினைச் சூடாக்க பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதனால் குளிர்காலத்தில் ஓடும் தூரம் குறைகிறது. செலவைக் குறைக்க, வெளிக்காற்றிலிருந்தே வெப்பத்தை இழுக்கும் ஹீட் பம்ப் இப்போது பல வண்டிகளில் வருகிறது. பழைய பிக்கப்பில் அந்த இரண்டு ரப்பர் பைப்புகள் வழியாக ஓசியில் வந்துகொண்டிருந்த சூட்டின் மதிப்பு, அதற்குத் தனியாகக் காசு கொடுக்கும்போதுதான் தெரிகிறது.