பொன்னும் நஞ்சும்

கோலார் தங்கவயலெங்கும் வாழும் தமிழன்பர்கள் சயனைடு மண்மேடுகளை நன்கறிவர். அவற்றின் வரலாறு ஒரு நுண்வடிவத்தின் வரலாறாகும்.

1887-இல் கிளாஸ்கோ நகரில் மெக்கார்தரும் ஃபாரெஸ்ட் உடன்பிறந்தாரும் கண்ட முறை, பின்னர் இங்கும் கைக்கொள்ளப்பட்டது. சயனைடு, கரியணுவும் நைட்ரஜன் அணுவும் இணைந்த சிறு தொகுதி. அரைத்த பாறைத்தூளிலுள்ள பொன்னணுவை, பிராணவாயுவின் துணையோடு, இருபுறமும் இரு சயனைடுகள் கரிமுனையால் பற்றும். ஐந்தணுக்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கப் பொன் நீரில் கரையும். துத்தநாகம் இட்டால் பொன் மீளும்.

அச்சிற்றுருவமே உடலுட் புகின், உயிரணுவினுள் பிராணவாயு அமரவேண்டிய இரும்பினிடத்தைக் கவர்ந்து உயிரைப் போக்கும்.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, மேடுகள் அகலவில்லை. எடுத்த பொன்னைக் கணக்கிடும் வரலாறு, எஞ்சிய மண்ணையும் கணக்கிடுதல் கடனன்றோ?