தூரிகையும் ஊசியும் எழுதிய உரை: யூத மரபில் வேதமும் கைவேலையும்

யூத சமயம் எழுத்தை மட்டுமே போற்றும் சமயம். ஓவியத்திற்கும் கைவேலைக்கும் அதில் இடமில்லை என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளிலும் பிரசங்க பீடங்களிலும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. விக்கிரகத்தைத் தடுக்கும் கட்டளையே இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் வரலாறு வேறுவிதமாகச் சாட்சி பகர்கிறது. யூதர் தம் வேதத்தைக் கையாலும் வாசித்தனர். அவர்கள் வரைந்ததும் தைத்ததும் வெறும் அலங்காரமன்று. அதுவும் வேதத்திற்கு உரை காணும் முயற்சியே. இதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. கட்டளையும் கைத்தொழிலும்

யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரம் விக்கிரகத்தைத் தடுக்கிறது. அதே நூலின் 31ஆம் அதிகாரம், பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலைசெய்யும்படி பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதைக் கூறுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தவர்கள் இரபிமார். அக்கோ பட்டணத்தில் அப்ரோதித்தே சிலை நின்ற குளிப்பிடத்தில் நீராடிய இரபான் கமாலியேலை ஒருவர் வினவியபோது, அச்சிலை குளிப்பிடத்தின் அழகுக்காக வைக்கப்பட்டதேயன்றி வணக்கத்திற்காக அன்று என்னும் பொருள்பட அவர் விடையிறுத்ததாக மிஷ்னா கூறுகிறது. உருவம் என்பதற்காக மட்டும் எதுவும் விலக்கப்படவில்லை. அதை மனிதர் எவ்வாறு கொள்கின்றனர் என்பதே ஆராயப்பட்டது. கட்டளையை நிறைவேற்றுவோர் அதை அழகுற நிறைவேற்ற வேண்டும் என்றும் தல்மூது போதிக்கிறது. அழகிய கூடாரம், அழகிய எக்காளம், அழகிய தோராச் சுருள் என்பன அது தரும் எடுத்துக்காட்டுகள்.

2. துரா யூரோப்பஸ் நகரின் சுவர்கள்

சிரியாவில் ஐப்பிராத்து நதிக்கரையிலுள்ள துரா யூரோப்பஸ் என்னும் நகரில் 1932ஆம் ஆண்டு யூத ஜெபஆலயம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. பாரசீகரின் முற்றுகைக்கு அஞ்சிய உரோமப் படையினர், நகர மதிலை வலுப்படுத்தும் பொருட்டு அதையொட்டிய கட்டடங்களை மண்ணால் நிரப்பினர். ஏறத்தாழ கி.பி. 256இல் நகரம் வீழ்ந்தது. மண்ணுக்குள் சுவர்கள் தப்பின. அவற்றில் கி.பி. 244-245ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்ட வேத வரலாற்று ஓவியங்கள் வண்ணம் மங்காமல் வெளிப்பட்டன. நதியிலிருந்து எடுக்கப்படும் மோசே, தாவீதை அபிஷேகம்பண்ணும் சாமுவேல், எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகள் ஆகியவை அவற்றுட் சில.

இவற்றுள் ஓர் ஓவியம் நம் கருத்தை ஈர்க்கிறது. கர்மேல் மலையில் பாகாலின் பலிபீடம் நிற்கிறது. அதன் உட்குழிவில் ஒரு மனிதன்; அவனை நோக்கி ஒரு பாம்பு விரைகிறது. 1 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் இம்மனிதனும் இல்லை, பாம்பும் இல்லை. பாகாலின் தீர்க்கதரிசிகள் இரகசியமாகத் தீ மூட்டும்படி ஈயேல் என்பவனைப் பலிபீடத்தினுள் ஒளித்து வைத்தனர் என்றும், அவன் பாம்பு கடித்து மாண்டான் என்றும் யூதரின் மித்ராஷ் மரபு கூறுகிறது. இக்கதை இடம்பெறும் எழுத்துத் தொகுப்புகள் அச்சுவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ஏட்டில் ஏறுமுன்னரே இவ்வுரை சுவரில் ஏறிவிட்டது. அதே மதிலோரத் தெருவில் கிறிஸ்தவர்கள் கூடிய ஒரு வீட்டுச் சபையும், ஓவியங்கள் தீட்டப்பட்ட அதன் ஞானஸ்நான அறையும் கண்டெடுக்கப்பட்டன என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

3. குழந்தையின் துணி

உரை எழுதியவர் ஓவியர் மட்டுமல்லர். 16ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மானிய யூதரிடையே ஒரு வழக்கம் காணப்படுகிறது. விருத்தசேதன நாளில் ஆண் குழந்தையைச் சுற்றிய துணியைக் கீறி, நீண்ட பட்டையாகத் தைப்பார்கள். அதில் குழந்தையின் பெயரும் பிறந்த நாளும், அவன் தோராவுக்கும் திருமணப் பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வளர்வானாக என்னும் வேண்டுதலும் நூலாலோ வண்ணத்தாலோ தீட்டப்படும். பிள்ளை சிறுவனாக ஜெபஆலயத்திற்கு முதன்முறை வரும்போது அதைக் கொண்டுவருவான். அது தோராச் சுருளைக் கட்டப் பயன்படும். குழந்தையைப் பொதிந்த துணியே வேதத்தையும் பொதிகிறது. உடன்படிக்கை என்னும் சொல்லுக்கு வீட்டுப் பெண்களின் ஊசி தந்த விளக்கம் இது. 1938 நவம்பரில் ஜெர்மனியின் ஜெபஆலயங்கள் எரிக்கப்பட்டபோது இத்தகைய துணிகள் பலவும் அழிந்தன. எஞ்சியவை அருங்காட்சியகங்களில் உள்ளன.

4. ஒரே காலத்தின் இருவேறு உருவங்கள்

ஏறத்தாழ 1300ஆம் ஆண்டில் தென்ஜெர்மனியில் எழுதப்பட்ட ஒரு பஸ்கா வழிபாட்டு நூல் இன்று எருசலேமில் உள்ளது. அதில் இஸ்ரவேலர் பலரும் மனித முகத்திற்குப் பதிலாகப் பறவைத் தலையுடன் காணப்படுகின்றனர். இதன் காரணம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அப்பறவைகள் அப்பம் பிசைகின்றன. எகிப்தை விட்டுப் புறப்படுகின்றன. சீனாயில் தோராவைப் பெறுகின்றன. வரைந்தவன் தன் மக்களைக் கண்ணியத்துடன் வரைந்திருக்கிறான்.

அதே காலத்தையொட்டி விட்டன்பர்க் நகரத் திருச்சபைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் யூதரைப் பன்றியோடு இணைத்து இழிவுபடுத்தும் சிற்பம் வைக்கப்பட்டது. பின்னாளில் அவ்வாலயத்தில் பிரசங்கித்த மார்ட்டின் லூத்தர், 1543இல் வெளியிட்ட நூலில் அச்சிற்பத்தையே சுட்டி யூதரை ஏளனம் செய்தார். சீர்திருத்தச் சபையின் பிள்ளைகளாகிய நாம் இதனை மறைத்தல் ஆகாது. உருவத்திற்கு அடிமைப்பட்டவர் யார், அதை நேர்மையாகக் கையாண்டவர் யார் என்னும் கேள்விக்கு நாம் எளிதில் விடைகூறிவிட இயலாது.

5. சித்திரக்கதையில் யோபு

இம்மரபு கடந்த நூற்றாண்டில் வெகுமக்கள் கலைக்குள்ளும் புகுந்தது. 1938இல் வெளியான சூப்பர்மேன் கதையைப் படைத்த இளைஞர் இருவரும் யூதக் குடியேறிகளின் மக்களே. அழிவுக்குத் தப்பும்படி பெற்றோர் அனுப்பிவிட்ட குழந்தையில் நாணற்பெட்டி மோசேயைக் காண்போர் உளர்.

இதனினும் ஆழமானது வில் ஐஸ்னர் 1978இல் வெளியிட்ட ‘கடவுளோடு ஓர் ஒப்பந்தம்’ என்னும் சித்திரக்கதை நூல். பக்தியுள்ள ஒரு யூதர் சிறுவயதில் கடவுளுடன் ஒப்பந்தம் செய்து அதைக் கல்லில் எழுதுகிறார். எடுத்து வளர்த்த மகள் இறந்தபோது, கடவுள் ஒப்பந்தத்தை முறித்துவிட்டார் எனக் குமுறிக் கல்லை வீசியெறிகிறார். தம் பதினாறு வயது மகளை இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே இக்கதையின் ஊற்று என ஐஸ்னர் பல்லாண்டுகள் கழித்தே வெளிப்படுத்தினார். கற்பலகையும் உடன்படிக்கையும் யோபின் வழக்கும் இங்கே மலிவான தாளில் அச்சாகும் கலை வடிவத்தில் மீண்டும் எழுகின்றன. கடவுளோடு வழக்காடுதலை அவநம்பிக்கை எனத் தள்ளாத மரபே இதற்கு இடமளித்தது.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு இரு கடமைகளை உணர்த்துகிறது. யூதரை வறண்ட எழுத்தின் அடிமைகளாகச் சித்திரிக்கும் பழக்கத்தை நம் பிரசங்கங்களிலிருந்து நீக்க வேண்டும். அது உண்மைக்கு மாறானது, அதன் விளைவுகளையும் உலகம் கண்டுவிட்டது. அடுத்து, ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுமி வேதக் கதையை வரைந்து திருமறையில் இல்லாத ஒன்றை அதில் சேர்த்தால், பிழை என்று உடனே அழித்துவிடலாகாது. அதை ஏன் சேர்த்தாள் என்று கேட்க வேண்டும். அவள் கூறும் விடையைப் பகுதியோடு ஒப்பிட்டு ஆராய்வதும் வேத விளக்கப் பணியே.